கைவிட்ட முறை கைகொடுத்தது!

சுவிட்சர்லாந்து தேசத்து டாக்டர் ஒருவர், தாம் பிரபலமாக்கிய ஆபரேஷனைத் தாமே வேண்டாம் என்று ஒதுக்கினார். அவர் இறந்து 90 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. இன்று உடல் பருமனைக் குறைக்க வருகிறவர்களுக்கு அந்த ஆபரேஷன் நடக்கிறது. வேறு முறையில் பருமனைக் குறைத்துவிட்டு, "நெஞ்சு எரிகிறதே!" என்று திரும்பி வருகிறவர்களுக்கும் அதே ஆபரேஷன்தான்!

அவர் பெயர் செசார் ரூ. (கணக்குப் புத்தகத்தில் எழுதும் "ரூ" அல்ல. இது பிரெஞ்சுப் பெயர்.)

30 வயதில் தலைமைப் பதவி

1857-ம் ஆண்டு மார்ச் 23-ந் தேதி, மோன்-லா-வீல் என்ற கிராமத்தில் ரூ பிறந்தார். பெரிய குடும்பம். பெர்ன் நகரில் வைத்தியம் படித்தார். பிற்காலத்தில் நோபல் பரிசு பெற்ற கோஹர் என்ற நிபுணரிடம் கத்தி பிடிக்கக் கற்றார். 1887-ல் லோசான் நகர ஆஸ்பத்திரியின் அறுவைப் பிரிவுக்குத் தலைவரானார். அப்போது வயது 30தான். கழுத்துக் கழலை, குடல்வால் ஆபரேஷன்களில் பெயர் பெற்றார்.

அந்தக் காலத்தில் இரைப்பைப் புண் பொல்லாத நோய். புண் ஆறும்போது தழும்பு விழுந்து, இரைப்பையின் கீழ்வாசல் அடைபட்டுவிடும். கஞ்சி கூட இறங்காது. 1881-ல் வியன்னாவில் வோல்ப்ளர் என்ற டாக்டர் இதற்கு ஒரு வழி கண்டார். சிறுகுடலை மேலே இழுத்து, இரைப்பையில் புதிய வாசல் வைத்துத் தைத்தார். உணவு இறங்கியது. ஆனால் வேறு ஒரு தொல்லை வந்தது. குடலில் ஓடவேண்டிய பித்தநீர், புதிய வாசல் வழியாக இரைப்பைக்குள் ஏறியது. சில நோயாளிகள் பித்தமாக வாந்தி எடுத்தே உருக்குலைந்தார்கள்.

குடலில் ஒரு கவட்டை

ரூ என்ன செய்தார்? சிறுகுடலை ஓரிடத்தில் குறுக்கே வெட்டினார். கீழ்த்துண்டின் முனையை இரைப்பையோடு சேர்த்தார். பித்தநீர் வரும் மேல்துண்டை, அதற்குச் சற்றுக் கீழே குடலின் பக்கவாட்டில் தைத்தார். பையன்கள் உண்டிவில்லுக்கு வெட்டும் கவட்டையை நினைத்துக் கொள்ளுங்கள். ஒரு கிளையில் உணவு வரும். மறு கிளையில் பித்தம் வரும். இரண்டும் அடிக்கொம்பில் கலக்கும். பித்தம் மேலே ஏறாது! ஆங்கில "ஒய்" எழுத்தைப் போல இருப்பதால், "ரூ ஒய்" என்றே அதற்குப் பெயர் விழுந்தது. இப்படி ஒரு யோசனையை வோல்ப்ளரும் முன்பே சொல்லியிருந்தார். நடைமுறைக்குக் கொண்டுவந்து நிலைநாட்டியவர் ரூ. அது 1890-களில் நடந்தது.

ஆனால் சில காலம் கழித்து, தையல் போட்ட இடத்தில் சிலருக்குப் புண் வந்தது. காரணம் உண்டு. இரைப்பையின் அமிலம் நேரே குடலில் விழுகிறது. அதன் வேகத்தைத் தணிக்கும் பித்தநீரோ அங்கே வருவதில்லை. ஒரு தொல்லையைத் தடுத்ததே இன்னொரு தொல்லைக்கு வழி விட்டது! ரூ பிடிவாதம் பிடிக்கவில்லை. தம் பெயர் தாங்கிய முறையைத் தாமே நிறுத்திவிட்டார். இப்படிச் செய்ய எத்தனை நிபுணர்களுக்கு மனம் வரும்?

1907-ல் அவர் இன்னொரு துணிகரச் செயல் புரிந்தார். ஒரு சிறுவனுக்கு உணவுக்குழாய் வெந்து சுருங்கி அடைபட்டிருந்தது. சிறுகுடலில் ஒரு துண்டை எடுத்து, மார்புத் தோலுக்கு அடியில் செலுத்தி, புதிய உணவுக்குழாய் அமைக்க வழி செய்தார் ரூ. 1934 டிசம்பரில் லோசானில் காலமானார்.

அமெரிக்காவில் மறுபிறவி

1966-ல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் மேசன் என்ற டாக்டர், பருமனைக் குறைக்க இரைப்பையைச் சிறிதாக்கிக் குடலோடு இணைத்தார். அவர் செய்தது பழைய வளைய முறை. பித்தம் மேலே ஏறி உணவுக்குழாயைப் புண்ணாக்கும் அபாயம் இருந்தது. 1977-ல் கெண்டக்கியில் கிரிபன் என்பவர், ரூவின் கவட்டையைப் பருமன் ஆபரேஷனில் சேர்த்தார்.

இப்போது உலகில் அதிகம் நடக்கும் பருமன் ஆபரேஷன் வேறு. இரைப்பையில் முக்கால் பங்கை வெட்டி எடுத்து, மீதியைச் சட்டைக் கை போன்ற குழாயாக்குவது. எடை குறைகிறது, உண்மை. ஆனால் குழாய் ஒடுங்கியது. உள்ளே அழுத்தம் அதிகம். கீழ்வாசல் அப்படியே இருக்கிறது. எனவே அமிலம் மேல்நோக்கி எகிறுகிறது. சிலருக்குப் பல ஆண்டுகள் கழித்து உணவுக்குழாயின் உட்தோலே மாறி, குடலின் தோலைப் போல ஆகிவிடுகிறது. அப்படி மாறியவர்களில் மிகச் சிலருக்கு அது புற்றுநோயில் முடியலாம். எரிச்சலே தெரியாமல் இந்த மாறுதல் வருவதும் உண்டு. அதனால்தான், எடை குறைந்து ஆண்டுகள் பல ஆனாலும் உணவுக்குழாயைக் குழாய்க் கருவியால் பார்த்துக் கொள்ளச் சொல்கிறார்கள்.

எரிச்சல் மருந்துக்கு அடங்காதவர்களுக்கு, அந்தக் குழாயை "ரூ ஒய்" ஆக மாற்றுகிறார்கள். மேலே முட்டை அளவில் ஒரு சிறு பை மட்டும் மிஞ்சும். அதில் அமிலம் குறைவு. பித்தம் வர வழியில்லை. பலருக்கு எரிச்சல் தணிகிறது. மாறிய தோல் எல்லோருக்கும் பழைய நிலைக்கு வருவதில்லை. ஆகவே பரிசோதனையை நிறுத்தக் கூடாது.

இந்த ஆபரேஷன் செய்துகொண்டவர்களிடம், சிகரெட் கூடாது, டாக்டரைக் கேட்காமல் வலி மாத்திரை விழுங்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்புகிறார்கள். தையல் போட்ட இடத்தில் புண் வரும் என்பதே காரணம். ரூ அன்று கண்ட அதே புண்!