டோல்ஸ்டோய் தேடிய ஹாஜி முராத்

1851ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம். ரஷ்யப் பேரரசின் கொக்கேசஸ் பிராந்தியத் தலைநகராக விளங்கிய திபிலிசியில், இருபத்துமூன்று வயது இளைஞர் ஒருவர் இராணுவத்தில் சேர்வதற்கான பத்திரங்களை எதிர்பார்த்துக் காத்திருந்தார். பல்கலைக்கழகப் படிப்பை இடைநடுவில் கைவிட்டவர். சூதாட்டத்தில் பணத்தை இழந்தவர். பிரபு குடும்பத்தில் பிறந்தும் இன்ன பாதை என்றில்லாமல் அலைந்தவர். அந்நாட்களில் அந்த நகரெங்கும் ஒரே பேச்சாக இருந்தது, மலைவாழ் முஸ்லிம்களின் தலைவரான இமாம் ஷாமிலுக்கு அடுத்த நிலையில் வைத்து எண்ணப்பட்ட தளபதி ஹாஜி முராத், ரஷ்யரிடம் சரணடைந்து அங்கு அழைத்து வரப்பட்டிருந்த செய்தியாகும். இளைஞர் தமது சகோதரருக்கு எழுதிய கடிதத்திலும் அச்செய்தி இடம்பெற்றது. செச்னியாவிலேயே தலைசிறந்த வீரன் எனப் பெயரெடுத்தவன் இழிவான காரியத்தைச் செய்துவிட்டான் என்பதே அவர் வழங்கிய தீர்ப்பு.

அந்த இளைஞர் லியோ டோல்ஸ்டோய். அத்தீர்ப்பைத் திருத்தி எழுத அவருக்கு அரை நூற்றாண்டுக்கு மேல் தேவைப்பட்டது.

ஹாஜி முராத்தின் கதை எளிதில் தீர்ப்பு வழங்கக்கூடிய கதையன்று. தாகெஸ்தானின் கூன்ஸாக் ஊரைச் சேர்ந்த அவார் இனத்தவர் அவர். அவ்வூரின் கான்களைக் கொன்ற ஹம்ஸத் பெக் என்ற இமாமை, 1834இல் அவரும் அவரது சகோதரர் உஸ்மானும் சேர்ந்து பள்ளிவாசலில் வைத்துப் பழிதீர்த்தனர். உஸ்மான் அவ்விடத்திலேயே மாண்டார். அதன் பின்னர் ரஷ்யரின் ஆதரவோடு ஊரை ஆண்டு வந்த ஹாஜி முராத்தை, எதிரி ஒருவரின் கோள் சொல்லைக் கேட்டு ரஷ்யரே விலங்கிட்டனர். கைதியாகக் கொண்டு செல்லப்படும் வழியில் மலைவிளிம்பிலிருந்து குதித்துத் தப்பினார். கால் ஊனமடைந்தது; உயிர் எஞ்சியது. பின்னர் தமது பழைய பகைவரான ஷாமிலின் பக்கம் சேர்ந்து, பத்தாண்டு காலம் ரஷ்யப் படைகளுக்குச் சிம்மசொப்பனமாகத் திகழ்ந்தார். 1851இல் ஷாமிலுடனும் பிணக்கு முற்றியது. மரண தண்டனை காத்திருக்கும் நிலையில் ரஷ்யரிடம் வந்து சேர்ந்தார். தாயும் மனைவியரும் பிள்ளைகளும் ஷாமிலின் பிடியில் இருந்தனர். அவர்களைக் கைதிகள் பரிமாற்றத்தின் மூலம் மீட்டுத் தருமாறு தேசாதிபதி வொரன்ட்சோவிடம் அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். பதில் வரவில்லை. 1852 ஏப்ரலில் நூகா என்னும் ஊரிலிருந்து நான்கு தோழர்களுடன் தப்பிச் செல்கையில் சுற்றிவளைக்கப்பட்டுக் கொல்லப்பட்டார். இரு தரப்பாராலும் துரோகி என்று அழைக்கப்பட்ட ஒருவருக்கு இரு தரப்பு வரலாற்றிலும் உரிய இடம் கிடைப்பதில்லை. அது அங்கு மட்டும் நிகழ்வதன்று.

டோல்ஸ்டோய் 1828இல் யாஸ்னயா பொல்யானா என்னும் குடும்பப் பண்ணையில் பிறந்தவர். இரண்டு வயது நிறையுமுன் தாயையும், எட்டு வயதில் தந்தையையும் இழந்தார். 1844இல் கஸான் பல்கலைக்கழகத்தில் அவர் முதலில் சேர்ந்தது கீழைத்தேய மொழிப் பீடத்திலாகும். அரபு மொழியும் துருக்கி மொழியும் அவரது பாடங்கள். அதில் நிலைக்கவில்லை, சட்டத்திற்கு மாறி, அதையும் விட்டார். ஆயினும் முஸ்லிம் மக்களை அவர் புத்தகத்தில் மட்டும் அறிந்தவரல்லர்.

கொக்கேசஸில் சாதோ என்ற செச்சென் இளைஞர் அவருக்கு உற்ற நண்பரானார். கணக்குத் தெரியாத சாதோவைச் சூதாட்டத்தில் இராணுவ அதிகாரிகள் ஏமாற்றி வந்ததைக் கண்டு, டோல்ஸ்டோய் அவருக்குத் துணை நின்றார். அதற்கான நன்றி எவ்வாறு வந்தது என்பது சுவையானது. டோல்ஸ்டோய் திபிலிசியில் இருந்த காலத்தில், அதிகாரி ஒருவருக்குக் கொடுக்க வேண்டிய ஐந்நூறு ரூபிள் கடன் அவரை வாட்டியது. அதே அதிகாரியுடன் விளையாடி வென்ற சாதோ, அந்தக் கடன் பத்திரத்தைப் பெற்று டோல்ஸ்டோயின் அண்ணனிடம் கொடுத்து, இது உமது தம்பிக்கு மகிழ்ச்சி தருமா என்று கேட்டாராம். 1853இல் இருவரும் குதிரைகளில் செல்லுகையில் செச்சென் போராளிகள் துரத்த, மயிரிழையில் உயிர் தப்பினர். இந்த சாதோவின் பெயரை வாசகர்கள் மனதில் வைத்திருத்தல் வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 1852இன் தொடக்கத்தில் செச்சென் கிராமங்களை நோக்கிச் சென்ற ரஷ்யப் படையில் டோல்ஸ்டோய் பீரங்கிப் படைவீரராக இருந்தார். காடுகளை வெட்டுவதும் கிராமங்களை எரிப்பதுமே அன்றைய படை நடவடிக்கையின் உள்ளடக்கம். அவர் பார்வையாளர் அல்லர். அதில் ஒரு பங்காளி.

அதன் பின்னரான வாழ்க்கை உலகறிந்தது. செவஸ்தபோல் போர்முனை, போரும் அமைதியும், அன்னா கரீனினா, பெரும் புகழ், பெருங்குடும்பம், பின்னர் ஐம்பதாவது வயதையொட்டி ஏற்பட்ட ஆன்ம நெருக்கடி. கலையையே சந்தேகித்தார். தீமையைத் தீமையால் எதிர்க்கலாகாது என்று போதித்தார். 1901இல் ரஷ்யத் திருச்சபை அவரை விலக்கி வைத்தது. எமது வாசகர்களில் பலர் அறிந்திருப்பதும் இந்த வெண்தாடி முதியவரைத்தான். காந்தியடிகள் வழியாகவே அவர் எம்மிடம் வந்தார். 1910இல் ஜொஹன்னஸ்பேர்க் நகருக்கு அண்மையில் காந்தியும் அவரது நண்பர் கலன்பாக்கும் அமைத்த டோல்ஸ்டோய் பண்ணையில், சத்தியாக்கிரகிகளின் தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமிழும் முஸ்லிம் பிள்ளைகளுக்கு உருதுவும் காந்தியே கற்பித்தார். ரமழான் மாதத்தில் முஸ்லிம் பிள்ளைகள் நோன்பு நோற்றபோது ஏனையோரும் உடனிருந்து நோற்றனர்.

அகிம்சையின் ஆசானாக உலகம் கொண்டாடிய அதே காலத்தில்தான், கடைசி மூச்சு வரை வாளைக் கைவிடாத ஒரு மனிதனின் கதையை அவர் எழுதிக்கொண்டிருந்தார். ஏதோ கூடாத பழக்கம்போல அதனைக் கருதினார். எனினும் விட முடியவில்லை.

தொடக்கம் 1896 ஜூலை மாதத்தில். சகோதரரின் பண்ணைக்கு அருகே உழுது புரட்டப்பட்ட கரிய வயலில் நடந்து செல்லுகையில், வண்டிச் சக்கரத்தில் நசுங்கிய ஒரு முட்செடியைக் கண்டார். ரஷ்ய உழவர்கள் அதனைத் தாத்தார் என்ற பெயராலேயே அழைப்பர். மூன்று கிளைகளில் இரண்டு முறிந்து சேற்றில் கிடந்தன. மூன்றாவது, புழுதியில் கறுத்திருந்தும் நடுவில் சிவந்து உயிரோடு நின்றது. ஹாஜி முராத் நினைவுக்கு வந்தார் என்று நாட்குறிப்பில் எழுதினார். அடுத்த மாதம், தமது சகோதரி துறவியாக வாழ்ந்த கன்னியர் மடத்திற்குச் சென்றிருந்தபோது முதல் வரைவை எழுதினார். ஒரு முஸ்லிம் வீரனின் கதை கிறிஸ்தவ மடமொன்றில் கருக்கொண்டது.

1904 வரை எட்டு ஆண்டுகள் அதனைத் திருத்தித் திருத்தி எழுதினார். பத்து வடிவங்கள் எடுத்தது அந்தக் குறுநாவல். சென் பீட்டர்ஸ்பேர்க் பொது நூலகத்தில் பணியாற்றிய ஸ்தாசோவ், கொக்கேசஸ் ஆவணத் தொகுதிகளையும் மலைவாழ் மக்கள் பற்றிய தொகுப்புகளையும் தேடி அனுப்பிக்கொண்டே இருந்தார். படைத்தளபதிகளின் அறிக்கைகள், தேசாதிபதி போர் அமைச்சருக்கு எழுதிய கடிதங்கள், முன்னாள் அதிகாரிகளின் நினைவுக் குறிப்புகள் யாவற்றையும் படித்தார். ஆனால் அவருக்கு வேண்டியது அவற்றில் இல்லை. எத்தனை பேர் கொல்லப்பட்டனர் என்று கூறும் ஆவணம், கொல்லப்பட்டவன் எவ்வாறு நடந்தான் என்று கூறுவதில்லை.

நூகாவில் ஹாஜி முராத் தங்கவைக்கப்பட்டிருந்த வீடு, அங்கிருந்த இராணுவ அதிகாரியுடையது. அவரது மனைவி இன்னமும் உயிரோடிருப்பதை டோல்ஸ்டோய் அறிந்தார். 1903 ஜனவரியில் அந்த மூதாட்டிக்கு எழுதினார். அப்போது அவருக்கு எழுபத்துநான்கு வயது. உலகப் புகழ் பெற்ற அந்த எழுத்தாளர் கேட்டவை இவை: ஹாஜி முராத் சிறிதளவேனும் ரஷ்ய மொழி பேசுவாரா? தப்பிச் செல்ல முயன்ற குதிரைகள் யாருடையவை, நல்ல குதிரைகளா, என்ன நிறம்? அவர் கால் விந்துவது வெளிப்படையாகத் தெரியுமா? அவ்வீட்டில் தோட்டம் இருந்ததா? ஐவேளைத் தொழுகையையும் ஏனைய மார்க்கக் கடமைகளையும் தவறாமல் நிறைவேற்றி வந்தாரா?

இவற்றில் ஒரு கேள்வியேனும் அரசியல் கேள்வியன்று. ஐம்பதாண்டுகளுக்கு முன்னர் இழிசெயல் என்று ஒரே வரியில் தீர்த்துக்கட்டிய மனிதனின் குதிரை என்ன நிறம் என்று இப்போது அறிய விரும்பினார். வரலாற்று நவீனம் எழுத முற்படும் எமது இளம் எழுத்தாளர்கள் இக்கடிதத்தைத் தேடிப் படிப்பது நன்று. அரச குமாரர்களுக்கு அடைமொழி தேடுவதில் செலவிடும் நேரத்தில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்கலாம்.

நாவலில் ஓரிடம். சிறிய துப்பாக்கிச் சூடொன்றில் அவ்தெயேவ் என்ற சாதாரணப் படைவீரன் குண்டுபட்டு இறக்கிறான். மேலிடத்திற்குச் செல்லும் அறிக்கையோ, பெருந்தாக்குதல் முறியடிக்கப்பட்டதாகவும் எதிரிகளில் ஏறத்தாழ நூறு பேர் கொல்லப்பட்டோ காயமடைந்தோ போனதாகவும் கூறுகிறது. வெகு தொலைவிலுள்ள கிராமத்தில் கதிரடித்துக்கொண்டிருக்கும் தாய், மகனுக்கு ஒரு ரூபிளும் கடிதமும் அனுப்புகிறாள். பணம் திரும்பி வருகிறது, மரணச் செய்தியோடு. போர்க்காலம் நெடுகிலும் இரு தரப்பு அறிக்கைகளையும் பக்கத்துப் பக்கமாக அச்சுக்கு அனுப்பிய எமக்கு, அந்த அத்தியாயத்தைக் கடந்து செல்வது இலகுவாக இருக்கவில்லை.

கதையின் தொடக்கத்தில், ஷாமிலின் ஆட்களிடமிருந்து மறைந்து வரும் ஹாஜி முராத்துக்குத் தன் உயிரையும் பொருட்படுத்தாது வீட்டில் இடமளிப்பவன் ஒரு செச்சென் கிராமத்தவன். அவனுக்கு டோல்ஸ்டோய் சூட்டிய பெயர் சாதோ. பின்னர் 1852 ஜனவரியில் ரஷ்யப் படை அக்கிராமத்தை எரிக்கிறது. படை சென்றபின் சாதோ திரும்பி வருகிறான். வீடு இடிந்து கிடக்கிறது. அவனே நட்டு வளர்த்த பழமரங்களும் தேன்கூடுகளும் கருகியுள்ளன. முதுகில் ஈட்டிமுனை பாய்ந்த மகனின் உடலைப் பள்ளிவாசலுக்குக் கொண்டு வருகின்றனர். ஊற்று மாசுபடுத்தப்பட்டிருக்கிறது. பள்ளிவாசலும் அவ்வாறே, முதிய முல்லா மாணவர்களோடு அதனைக் கழுவிக்கொண்டிருக்கிறார். ஊர்ப் பெரியவர்கள் கூடுகின்றனர். அவர்கள் மனதில் இருந்தது வெறுப்புக்கூட அன்று, அதற்கும் அப்பாற்பட்ட ஒன்று என்று டோல்ஸ்டோய் விளக்குகிறார். இரண்டு பக்கங்களே வரும் இப்பகுதியை, அதே மாரிகாலத்தில் பீரங்கியோடு நின்ற ஒருவர் எழுதினார் என்பதையும், கடனை மீட்டுத் தந்த நண்பனின் பெயரையே எரியுண்ட வீட்டுக்காரனுக்கு வைத்தார் என்பதையும் சேர்த்து நோக்கும்போது, இது வெறும் கற்பனைப் படைப்பாக எமக்குத் தோன்றவில்லை.

ஜார் மன்னன் முதலாம் நிக்கலஸ் பற்றிய அத்தியாயம் வேறு விதத்தில் கடுமையானது. ரஷ்யாவில் மரண தண்டனை இல்லை என்று பெருமைப்படும் மன்னன், போலந்து மாணவன் ஒருவனை ஆயிரம் பேரின் கசையடிக்கு நடுவே பன்னிரண்டு முறை நடத்திச் செல்லுமாறு பணிக்கிறான். அதில் எவரும் உயிர் பிழைப்பதில்லை என்பது அவனுக்குத் தெரியும். எதிர்ப்புறத்தில் இமாம் ஷாமிலையும் டோல்ஸ்டோய் விட்டுவைக்கவில்லை. ஹாஜி முராத்தின் மகனுடைய கண்களைப் பிடுங்குவதாக மிரட்டுபவராகவே அவரைக் காட்டுகிறார். ஐரோப்பியக் கொடுங்கோன்மையும் ஆசியக் கொடுங்கோன்மையும் ஒன்றையொன்று பார்த்து நிற்கும் இரு துருவங்கள் என்பது அவரது எண்ணம். இதில் எமக்கு முழு உடன்பாடில்லை. ஒருவர் கால் நூற்றாண்டு காலம் தமது மண்ணைக் காத்து நின்றவர். மற்றவர் அதனைப் பறிக்கப் படை அனுப்பியவர். 1859இல் சரணடைந்து, 1871இல் மதீனாவில் மறைந்து, ஜன்னத்துல் பகீ அடக்கத்தலத்தில் துயிலும் ஷாமிலின் முழு உருவம் இக்கதையில் இல்லை. ஆயினும் இரு அதிகாரங்களுக்கு நடுவில் சிக்கி, குடும்பத்தை மீட்க வழியின்றித் தவித்தவனின் பக்கத்திலிருந்து பார்த்தால் இரண்டும் எவ்வாறு தெரிந்திருக்கும் என்பதை டோல்ஸ்டோய் அறிந்திருந்தார்.

தம் வாழ்நாளில் அவர் இதனை வெளியிடவில்லை. 1910 நவம்பரில், வீட்டை விட்டு வெளியேறிய முதியவர் அஸ்தாபவோ என்ற சிறிய ரயில் நிலையத்தில் காலமானபோது கையெழுத்துப் பிரதி அச்சேறாமலே கிடந்தது. 1912இல் ரஷ்யாவில் நூல் வெளிவந்தபோது மன்னன் நிக்கலஸ் பற்றிய பகுதிகளில் தணிக்கையாளர்கள் கைவைத்தனர். முழு வடிவம் பேர்லினில் அச்சாயிற்று.

நாவலில் ஹாஜி முராத்தின் கடைசிச் சண்டைக்கு முன்னதாகவே அவரது தலை வந்துவிடுகிறது. அதிகாரி ஒருவன் அதனைச் சாக்கில் போட்டுக் கோட்டை கோட்டையாகக் காட்டிச் செல்கிறான். வெளியே எடுத்துக் காட்டியதும், ஹாஜி முராத்தை விருந்தாளியாக அறிந்திருந்த ஒரு பெண், மரியா திமித்ரியெவ்னா, அங்கு நின்ற ஆடவர் அனைவரையும் கொலைகாரர்கள் என்று ஏசிவிட்டுத் திரும்பி நடக்கிறாள். நிஜ வாழ்வில் அந்தத் தலை திபிலிசி வழியாக சென் பீட்டர்ஸ்பேர்க்கைச் சென்றடைந்து, இராணுவ மருத்துவக் கல்விக்கூடத்திலும் பின்னர் அந்நகரின் நூதனசாலையிலும் வைக்கப்பட்டது. உடல் இன்றைய அஸர்பைஜான் மண்ணில் புதைக்கப்பட்டது.