ஜே.ஆர்.டி.யும் என் பீரோ சாவியும்

மலருக்கு ஏதாவது எழுதித் தரச் சொல்லி நம் சங்கச் செயலாளர் மூணு தடவை போன் பண்ணிவிட்டார். நான் அக்கவுண்ட்ஸ் ஆசாமி. கதை, கவிதை எல்லாம் நமக்கு வராது. ஆனால் ரிட்டயராகித் திருத்தணிக்கே திரும்பி வந்த பிறகு, சாயங்காலம் மலைமேல் போய் உட்காரும்போதெல்லாம் ஒருத்தர் ஞாபகம் வரும். தலைக்கு மேலே மீனம்பாக்கம் போகிற பெரிய விமானங்கள் தெரியும். தெற்கே அரக்கோணத்தில் 1992-ல் தொடங்கிய ஐ.என்.எஸ். ராஜாளி கடற்படைத் தளத்து விமானங்களும் சில நாள் கண்ணில் படும். அதையெல்லாம் பார்த்தால் எனக்கு ஜே.ஆர்.டி. டாட்டாதான் நினைவுக்கு வருவார்.

அவர் பிறந்தது பாரிஸில், 1904 ஜூலை 29. அப்பா பார்சி, அம்மா பிரெஞ்சுப் பெண்மணி. பிரான்சில் அவர்கள் கோடைக்குத் தங்கிய கடற்கரை ஊரில்தான் பிளேரியோவுக்கும் வீடு. 1909-ல் இங்கிலீஷ் கால்வாயை முதலில் பறந்து கடந்தவர். அதனால் பையனுக்குச் சின்ன வயசிலேயே விமானப் பைத்தியம் பிடித்துவிட்டது. பம்பாயில் ஃப்ளையிங் கிளப் வந்ததும் ஓடிப்போய்ச் சேர்ந்தார். 1929 பிப்ரவரி 10-ல் கையில் கிடைத்த லைசென்ஸில் நம்பர் 1 என்று இருந்தது. இந்தியாவில் கொடுத்த முதல் பைலட் லைசென்ஸ் அதுதான்.

அடுத்த வருஷம் ஆகாகான் ஒரு பந்தயம் வைத்தார். இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் நடுவே தனியாகப் பறக்கும் இந்தியருக்கு 500 பவுன் பரிசு. ஜே.ஆர்.டி. கராச்சியிலிருந்து மேற்கே போனார். ஆஸ்பி எஞ்சினியர் என்ற வாலிபர் இங்கிலாந்திலிருந்து கிழக்கே வந்தார். வழியில் எகிப்தில் அபுகீர் என்ற இடத்தில் ஆஸ்பி, ஸ்பார்க் பிளக் இல்லாமல் மாட்டிக்கொண்டு நின்றார். ஜே.ஆர்.டி. தன்னிடம் இருந்த உபரி பிளக்கை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனார். சில மணி நேர வித்தியாசத்தில் பரிசு ஆஸ்பிக்குப் போய்விட்டது. அந்த ஆஸ்பிதான் பின்னாளில் நம் விமானப் படைக்கே தலைவரானார்.

1932 அக்டோபர் 15. கராச்சியிலிருந்து தபால் மூட்டையை ஏற்றிக்கொண்டு, ஒற்றை எஞ்சின் புஸ் மாத் விமானத்தில், ஆமதாபாத் வழியாக ஜே.ஆர்.டி. ஜூஹுவில் வந்து இறங்கினார். ரேடியோ கிடையாது. வழிகாட்டும் கருவியும் கிடையாது. ஜூஹு அப்போது வெறும் கடலோரத் திடல். மழைக்காலத்தில் தண்ணீர் நின்றுவிடும், டாட்டா விமானங்கள் புனாவுக்குப் போய்விடும். அன்றைக்கு அங்கிருந்து தபாலை வாங்கிக்கொண்டு பெல்லாரி வழியாக மெட்ராஸுக்குப் பறந்தவர் அவருடைய கூட்டாளி நெவில் வின்ட்சென்ட். பெல்லாரிக்கும் மெட்ராஸுக்கும் ரூலர் வைத்துக் கோடு போட்டால், அது நம் தணிகை மலைக்குச் சற்று வடக்கே, நகரி பக்கமாகப் போகிறது. நானே போட்டுப் பார்த்தேன். (அன்று நம் ஊர் சித்தூர் ஜில்லா. 1960-ல்தான் நம்ம பக்கம் வந்தது.)

அதன் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. டாட்டா ஏர்லைன்ஸ் 1946-ல் ஏர் இந்தியா ஆயிற்று. 1948 ஜூனில் பம்பாயிலிருந்து லண்டனுக்குச் சேவை. பெரிய விமானங்கள் ஜூஹுவை விட்டு சாந்தாகுரூஸுக்கு மாறின. இரண்டுக்கும் நடுவே நாலு கிலோமீட்டர்கூட இல்லை. ஓடுபாதைகளும் கிட்டத்தட்ட ஒரே திசை. அதனால் வந்த கூத்தைக் கேளுங்கள்: 1953-ல் ஒரு பி.ஓ.ஏ.சி. காமெட், 1972-ல் ஒரு ஜப்பான் டி.சி.-8, இரண்டுமே சாந்தாகுரூஸ் என்று நினைத்து ஜூஹுவில் இறங்கிவிட்டன! ஜூஹு கிளப்பின் குட்டி விமானங்களுக்கோ, தலைக்கு மேல் இருப்பது முழுக்கப் பெரிய வீட்டு வானம். மேலே ஏறணும், திரும்பணும் என்றால் அனுமதி. சொன்ன உயரத்துக்கு மேல் போகக் கூடாது. ஜெட்டுகள் இறங்குகிற பாதையில் குறுக்கே வரவே கூடாது. முதலில் வந்தது ஜூஹுதான், ஆனாலும் அனுமதி கேட்க வேண்டியது ஜூஹுதான்.

ஜே.ஆர்.டி. கதையும் அப்படித்தான் ஆயிற்று. 1953-ல் சர்க்கார் விமான கம்பெனிகளை எடுத்துக்கொண்டது. அவர் எதிர்த்துப் பார்த்தார், நடக்கவில்லை. ஆனாலும் சம்பளம் வாங்காமல் 25 வருஷம் ஏர் இந்தியா தலைவராக இருந்தார். 1978 பிப்ரவரியில் மொரார்ஜி தேசாய் ஆட்சி அவரை நீக்கியது. 1980-ல் இந்திரா காந்தி திரும்ப போர்டில் சேர்த்தபோது தலைவராக இல்லை, வெறும் மெம்பராக. அதையும் ஒத்துக்கொண்டு போய் உட்கார்ந்தார். எனக்கு அது புரியவேயில்லை.

ஏனென்றால் 1982-ல் நானும் பம்பாயில் ஒரு கம்பெனியில் (பேர் வேண்டாம்) கிட்டத்தட்ட அந்த நிலைமையில்தான் இருந்தேன். நான் அஞ்சு வருஷம் ராத்திரி பகலாகக் கட்டி எழுப்பின பிரிவை, நேற்று வந்தவரிடம் கொடுத்துவிட்டார்கள். பழைய லெட்ஜர் இருக்கிற பீரோவின் சாவி என் பாக்கெட்டில். தொலைந்துவிட்டது என்று சொல்லிவிட்டேன். அந்த ஆள் பத்து நாளாகத் திண்டாடுகிறார், நான் டீ குடித்துக்கொண்டு வேடிக்கை பார்க்கிறேன். இன்றைக்கு எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

அந்த அக்டோபர் 15, பழைய பறத்தலுக்கு ஐம்பதாவது வருஷம். ஜே.ஆர்.டி. மறுபடியும் கராச்சியிலிருந்து, அதே காலத்து லெப்பர்ட் மாத் விமானத்தில் ஜூஹுவுக்கு வருகிறார் என்று பேப்பரில் போட்டிருந்தது. வயசு 78. அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். வேலிக்கு வெளியே கூட்டம். பக்கத்து சாந்தாகுரூஸில் அவர் வளர்த்த ஏர் இந்தியாவின் ஜம்போக்கள் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தன. அந்த இரைச்சலுக்கு நடுவே, தையல் மிஷின் மாதிரிச் சத்தம் போட்டுக்கொண்டு ஒரு தும்பி வந்தது, இறங்கியது, அவ்வளவுதான். அவர் முகத்தைக்கூட நான் பார்க்கவில்லை. முன்னால் நின்றவர்கள் தலைகள் மறைத்துவிட்டன.

லோக்கல் ரயிலில் திரும்பும்போது அந்த ஸ்பார்க் பிளக் சமாச்சாரம்தான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. மறுநாள் காலையில் போய், சாவியை அந்த மனுஷர் மேஜைமேல் வைத்தேன். எங்கே கிடைத்தது என்று அவர் கேட்கவில்லை. உட்காரச் சொல்லி டீ வாங்கிக் கொடுத்தார்.

ஜே.ஆர்.டி.க்கு 1992-ல் பாரத ரத்னா கொடுத்தார்கள். மறு வருஷம் நவம்பர் 29-ல் ஜெனீவாவில் காலமானார். ஏர் இந்தியா 2022 ஜனவரியில் டாட்டாவிடமே திரும்பி வந்தது. பார்க்க அவர் இல்லை. ஜூஹுவில் இப்போது பெரும்பாலும் ஹெலிகாப்டர்கள்தான்.

சந்திப்புக்கு வருகிற நண்பர்கள் சாயங்காலம் மலைக்கு வந்தால் என்னைப் பார்க்கலாம். படியேற முடியாதவர்களுக்கு மேலே வரை பஸ் வருகிறது. பெல்லாரிக் கோடு போட்ட மேப்பை எடுத்து வைத்திருக்கிறேன்.