தொழில் வழி காட்டிய தொன் போஸ்கோ

பள்ளிப் படிப்பு முடிந்ததும் நாம் என்ன செய்யப் போகிறோம்? நம் உள்ளத்தில் அடிக்கடி எழும் கேள்வி இது. நம் பெற்றோரின் கவலையும் இதுவே. இத்தாலி நாட்டில் தூரின் நகரத் தெருக்களில் இதே கேள்வியோடு நின்ற ஏழைச் சிறுவர்களுக்குத் தந்தையாய் விளங்கியவர் புனித தொன் போஸ்கோ.

அவர் 1815 ஆகஸ்ட் 16-ல் பெக்கி என்னும் சிற்றூரில், உழவர் குடும்பத்தில் பிறந்தார். இரண்டு வயது நிறையுமுன் தந்தையை இழந்தார். தாய் மார்கரீத் அம்மாள் பாடுபட்டு வளர்த்தார். மாணவனாயிருந்தபோது தையற்காரரிடம் தையல் கற்றார். கொல்லர் உலையில் சம்மட்டி பிடித்தார். காப்பிக் கடையிலும் வேலை செய்தார். உழைப்பின் அருமையை இவ்வாறு கைகளாலேயே அறிந்துகொண்டார்.

1841-ல் குருப்பட்டம் பெற்றார். கபாசோ அடிகளார் அவரைச் சிறைச்சாலைகளுக்கு அழைத்துச் சென்றார். அங்கே அடைபட்டிருந்த இளைஞர்களைக் கண்டு அவர் மனம் உருகியது. விடுதலை பெற்றவர்களும் ஆதரவின்றி மீண்டும் சிறைக்கே திரும்பினர். வெளியே ஒரு நல்ல நண்பர் இருந்தால் இவர்கள் கெட்டிருப்பார்களா என்று எண்ணினார். அந்த நண்பராகத் தாமே ஆனார்.

வேலையற்ற சிறுவர்களுக்கு நல்ல முதலாளிகளைத் தேடித் தந்தார். வேலை செய்யும் இடத்துக்கே சென்று நலம் விசாரித்தார். ஆனால் தொழில் பழக வந்த பிள்ளைகளை எடுபிடிகளாக நடத்தி, அடித்துத் துன்புறுத்திய முதலாளிகளும் அக்காலத்தில் இருந்தனர். எனவே 1851 முதல் அவர் முதலாளிகளோடு எழுத்து மூலம் ஒப்பந்தம் செய்யலானார். 1852 பிப்ரவரி 8-ல் யோசேப்பு ஒடாசோ என்ற சிறுவனுக்காகத் தச்சர் ஒருவரோடு செய்த ஒப்பந்தம் புகழ்பெற்றது. தச்சர் இரண்டு ஆண்டுகளில் தொழிலை நன்கு கற்றுத்தர வேண்டும். பிழை செய்தால் சொல்லால் மட்டுமே திருத்த வேண்டும், கை ஓங்கலாகாது. தொழிலுக்குப் புறம்பான வேலை வாங்கலாகாது. ஞாயிறும் திருநாளும் ஓய்வு. ஆண்டுக்கு 15 நாள் விடுமுறை. சிறுவனும் கீழ்ப்படிந்து கருத்தாய் உழைப்பதாக வாக்களித்தான். தொன் போஸ்கோவும் கையொப்பமிட்டார். ஏழைப் பிள்ளைக்கும் மதிப்பு உண்டு என்பதை அந்தத் தாள் உலகுக்கு உணர்த்தியது.

1853-ல் தம் இல்லத்திலேயே செருப்புத் தைத்தல், தையல் ஆகிய தொழிற்கூடங்களைத் தொடங்கினார். பின்னர் புத்தகம் கட்டுதல், தச்சு, அச்சு, கொல்லு வேலை எனப் பெருகின.

பெண்களை அவர் மறந்தாரா? இல்லை. மொர்னேசே என்ற ஊரில் மரிய மசரெல்லோ, 1860-ல் கொடிய காய்ச்சலால் வயல் வேலைக்கு வலுவிழந்தார். அவர் மனம் தளரவில்லை. ஊர்த் தையற்காரரிடம் தொழில் கற்று, ஏழைச் சிறுமியருக்குத் தாமே கற்பித்தார். அவரோடு இணைந்து தொன் போஸ்கோ 1872-ல் சகாய அன்னையின் புதல்வியர் சபையை நிறுவினார்.

1888 ஜனவரி 31-ல் இறையடி சேர்ந்த அவருக்கு 1934-ல் புனிதர் பட்டம் வழங்கப்பட்டது. அவருடைய சலேசிய சபையார் 1906-ல் நம் தஞ்சைக்கு வந்து சேர்ந்தனர்.

அன்புத் தோழியரே, பிறர் சொல்கிறார்கள் என்று மட்டும் ஒரு தொழிலைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். அத்தொழிலில் இருப்பவரை அணுகிக் கேட்போம். அவர் உழைப்பை அருகிருந்து காண்போம். பெற்றோரே, ஆசிரியைகளே, உங்களுக்குத் தெரிந்த நல்ல மனிதரிடம் எங்களை அழைத்துச் செல்லுங்கள். நாளை நாம் ஒரு நிலைக்கு உயர்ந்தபின், நம்மிடம் தொழில் பழக வரும் பிள்ளையை மதிப்போடு நடத்துவோம். புனித தொன் போஸ்கோ நமக்காக வேண்டுவாராக!