வில்லியம் கேரியும் செராம்பூர் உடன்படிக்கையும்

பலர் ஒன்றுகூடிச் செய்யும் பணி நிலைபெறுதற்கு, அவர்தம் திறமை மட்டும் போதாது. நோக்கமும் ஒன்றாதல் வேண்டும். இவ்வுண்மைக்குச் சான்றாக வில்லியம் கேரியின் சரிதத்தை ஈண்டுச் சுருக்கி வரைகின்றோம்.

கேரி 1761ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பாலர்ஸ்பரி என்னுஞ் சிற்றூரில் பிறந்தார். செருப்புத் தைக்குந் தொழில் பயின்ற அவர், வேலைக்கிடையே பல பாஷைகளைக் கற்றனர். 1793ஆம் ஆண்டு தாமஸ் என்னும் வைத்தியருடன் வங்காளம் வந்தார். கொணர்ந்த பொருள் விரைவில் தீர்ந்தது. குடும்பம் வறுமையுற, கேரி அவுரிச் சாயத் தொழிற்சாலையில் வேலை ஏற்றுக் காலங் கழித்தார்.

1799ஆம் ஆண்டு மார்ஷ்மன், வார்டு முதலியோர் டேனிஷ்காரர்க்குரிய செராம்பூரில் வந்திறங்கினர். 1800 ஜனவரியில் கேரியும் அவர்களை அடைந்தார். மார்ஷ்மன் ஆசிரியர், வார்டு அச்சுத் தொழிலர், கேரியோ மொழிப் புலவர். இயல்பில் வேறுபட்ட இவர்கள் முதல் மாதத்திலேயே சில விதிகளை வகுத்துக்கொண்டனர். உணவு பொது, வருவாயும் பொது, எவரும் தமக்கென வியாபாரஞ் செய்யலாகாது. குடும்ப மேற்பார்வை மாதந்தோறும் ஒருவரிடம் மாறி வரும். சனிக்கிழமை மாலைதோறும் கூடி மனத்தாங்கல்களைப் பேசித் தீர்ப்பர். பின்னர் வில்லியம் கோட்டைக் கல்லூரியில் ஆசிரியராய்ப் பெருஞ் சம்பளம் பெற்ற கேரி, சிறு தொகையொழிய மற்றதனைப் பொது நிதியிற் சேர்த்தார்.

1805 அக்டோபரில் தங்கள் கொள்கைகளைப் பதினொரு பிரிவுகளாக எழுதினர். இந்நாட்டு மக்களின் மனப்போக்கை அறிதல், அவர்களைச் சமமாக நடத்தல், அவர்தம் வரங்களை வளர்த்தல், வேதத்தை மொழிபெயர்த்தல், தமக்கென ஒன்றும் வையாமை என்பன அவற்றுட் சில. ஜனவரி, மே, அக்டோபர் மாதங்களின் முதல் ஞாயிறன்று ஒவ்வொரு நிலையத்திலும் அதனை வாசிக்கவும் ஏற்பாடு செய்தனர்.

1812 மார்ச் 11ஆம் தேதி அச்சகம் தீப்பட்டது. கேரியின் கையெழுத்துப் பிரதிகள் பல அழிந்தன. ஆயினும் ஒருவரையொருவர் குறைகூறாது, சாம்பரினின்று எடுத்த உலோகத்தை உருக்கி, எழுத்துக்களை மீண்டும் வார்த்தனர். 1818இல் செராம்பூர்க் கல்லூரியையும் நிறுவினர்.

எனினும் ஒரு குறையை நாம் மறைத்தலாகாது. பின்வந்த இளைஞர் சிலர் பழைய முறைக்கு இசையாது பிரிந்து, கல்கத்தாவில் தனியே பணி தொடங்கினர். 1827இல் தாய்ச் சங்கத்தோடிருந்த தொடர்பும் அறுந்தது. உடன்படிக்கையை வகுத்தவர்க்கு அது உயிர். வந்து சேர்ந்தவர்க்கோ பிறர் இட்ட கட்டளை. வாசிக்கக் கேட்டல் வேறு, மனமொப்பி ஏற்றல் வேறன்றோ?

மூவரின் ஒற்றுமையோ குலையவில்லை. வார்டு 1823இலும், கேரி 1834இலும், மார்ஷ்மன் 1837இலும் செராம்பூரிலேயே உயிர் நீத்தனர்.

நம் கல்லூரியில் சங்கங்கள் பல உள. ஆண்டுதோறும் புதியோர் வருகின்றனர். பழைய விதிகளைப் படித்துக் காட்டுவதோடு நில்லாது, அவற்றின் காரணத்தை அவர்களோடு ஆராய்ந்து, அவர்தம் சம்மதத்தையும் பெறுவோமாக. அப்பொழுதே அவை நம் அனைவர்க்கும் உரியனவாம்.