அது லீட் கிட்டார் இல்லீங்க

2023ல மெட்டாலிகாவோட '72 சீசன்ஸ்' வந்தப்போ நீங்களும் முதல் நாளே கேட்டிருப்பீங்க. முந்தைய ஆல்பத்துக்கும் அதுக்கும் ஆறு வருஷத்துக்கும் மேல இடைவெளி. கிளிஃப் பர்ட்டன் அந்த பேண்டில் இருந்ததோ மொத்தமாவே நாலு வருஷத்துக்கும் குறைவு. அதுக்குள்ள மூணு ஆல்பம்!

1962ல கலிஃபோர்னியாவில் பிறந்தவர். சின்ன வயசுல பியானோ. 1975ல அண்ணன் இறந்துபோக, அதுக்கப்புறம் பேஸ் கிட்டாரைக் கையில் எடுத்தார். தினமும் மணிக்கணக்கா பயிற்சி. பாக் இசையும் பிடிக்கும், மெட்டலும் பிடிக்கும். மெட்டாலிகா கூப்பிட்டப்போ அவர் ஓடிப்போய்ச் சேரலை. லாஸ் ஏஞ்சல்ஸை விட்டு நீங்க இங்கே வாங்க, அப்போதான் வருவேன்னுட்டார். மொத்த பேண்டும் சான் பிரான்சிஸ்கோ பக்கம் குடிவந்தது. நமக்கெல்லாம் ப்ளேஸ்மெண்ட்ல லொகேஷன் கேட்கவே பயம்!

'ஃபார் ஹூம் த பெல் டோல்ஸ்' தொடக்கத்தை ஹெட்ஃபோனில் கேளுங்க. மணியோசைக்குப் பிறகு கரகரன்னு வருதே, அதை ரொம்ப நாள் லீட் கிட்டார்னே நினைச்சிருந்தேன். பேஸ்தான் அது.

1986 செப்டம்பர் 27, ஸ்வீடன். யாருக்கு எந்தப் படுக்கைன்னு சீட்டு எடுத்ததில் கிளிஃப் ஜெயிச்சு, கிர்க் ஹாமெட்டோட இடத்தைக் கேட்டு வாங்கினார். விடியறதுக்குள்ள பஸ் கவிழ்ந்தது. வயசு 24. நம்மளைவிட மூணு வயசுதான் மூத்தவர்.

1988 ஆல்பத்தில் அவர் விட்டுட்டுப்போன இசைத் துணுக்குகளை வச்சு ஒரு பாட்டு உண்டு. ஆனா அந்த ஆல்பத்துல பேஸ் சத்தமே சரியா கேட்காது. அதுக்கு யாரைத் திட்டுறதுன்னு எங்க ஹாஸ்டல்ல இன்னும் சண்டை ஓயலை.