காவிரியைக் காத்த காட்டன் துரை

தஞ்சைத் தரணி என்றதுமே, பச்சைப் பட்டு விரித்தாற்போன்ற நெல்வயல்கள் நம் மனக்கண்முன் தோன்றும். ஆனால் ஏறக்குறைய 200 ஆண்டுகளுக்கு முன் இவ்வயல்களுள் பல நீரின்றிப் பாழாகும் நிலையில் இருந்தன என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? அந்நிலையை மாற்றப் பாடுபட்டவர்களுள் முதன்மையானவர் சர் ஆர்தர் காட்டன். வறட்சியும் வெள்ளமும் மாறி மாறி உலகை வாட்டும் இந்நாளில், அவருடைய வாழ்க்கையை அறிந்துகொள்வது நமக்குப் பெரிதும் பயன்தரும்.

காட்டன் 1803-ஆம் ஆண்டு மே மாதம் 15-ஆம் நாள் இங்கிலாந்தில் பிறந்தார். அவர் பெற்றோருக்குப் பிள்ளைகள் பலர். அவர் பத்தாவது மகன். பதினைந்தாம் வயதில், அதாவது இன்று நாம் பத்தாம் வகுப்புப் படிக்கும் வயதில், கிழக்கிந்தியக் கம்பெனியின் அடிஸ்கோம்ப் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து பொறியியல் பயின்றார். 1821-இல் சென்னை மாகாணத்திற்கு வந்தார். பாம்பன் கால்வாய் ஆய்விலும், பின்னர் பர்மாப் போரிலும் பணியாற்றினார். 1828-இல் காவிரிப் பாசனத்தை ஆராயும் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது.

அப்போது காவிரிக்கு நேர்ந்திருந்த துன்பம் என்ன? திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. வடக்கே செல்வது கொள்ளிடம். தெற்கே வந்து தஞ்சை வயல்களுக்குப் பாய்வது காவிரி. கொள்ளிடத்தின் படுகை தாழ்வானது. தண்ணீர் பள்ளத்தை நாடுவது இயற்கையல்லவா? ஆண்டுக்கு ஆண்டு கொள்ளிடம் ஆழமாயிற்று; காவிரியின் தலைப்பில் மணல் மேடிட்டது. வெள்ளம் வந்தால் அது கொள்ளிடம் வழியே கடலுக்கு ஓடிற்று. வெள்ளம் வராவிட்டாலோ, காவிரியில் கால் நனையவும் நீரில்லை! கடைமடை உழவர்கள் வானத்தைப் பார்த்துக் காத்திருந்தனர்.

காட்டன் கல்லணைக்குச் சென்றார். கரிகால் சோழன் கட்டியதாகப் போற்றப்படும் அவ்வணையில், மணலை வெளியேற்ற மதகுகள் அமைக்கும் பொருட்டு ஓரிடத்தைத் திறந்தபோது அவர் வியப்புற்றார். உள்ளே இருந்தவை களிமண்ணோடு சேர்த்து அடுக்கப்பட்ட கரடுமுரடான கற்களே! ஆழம் காணமுடியாத ஆற்று மணலில் பெருங்கற்களை இட்டால் அவை தாமே அமிழ்ந்து, ஒரு நிலையில் உறுதியாக நின்றுவிடும். அதன்மேல் அணையை எழுப்பலாம் என்ற உண்மையை அவர் அங்கே கற்றார். ஆட்சி செய்ய வந்த இனத்தவராயினும், இந்நாட்டின் பழைய கட்டுமானக்காரர்களே தமக்கு ஆசிரியர்கள் என்பதை வெளிப்படையாக ஒப்புக்கொண்ட பெருந்தன்மை அவருடையது.

அப்பாடத்தைக் கொண்டே 1836-இல் இரண்டு அணைகள் எழுந்தன. முக்கொம்பில் கட்டப்பட்ட மேலணை, கொள்ளிடத்தின் வாயை மறித்து நீரைக் காவிரிக்குத் திருப்பியது. அணைக்கரையில் கட்டப்பட்ட கீழணை, கொள்ளிடத்தில் மிஞ்சி வரும் நீரைத் தடுத்து வாய்க்கால்களில் விட்டது. வீராணம் ஏரிக்கு இன்றும் நீர் செல்வது இக்கீழணையிலிருந்துதான்.

ஆயினும், அவர் பணியில் குறையே இல்லை என்று சொல்வதற்கில்லை. மேலணை கட்டிய சில ஆண்டுகளுக்குள் காவிரியில் அளவுக்கு மீறி நீர் பாய்ந்து அதன் படுகையை அரிக்கத் தொடங்கிற்று. எனவே அணையின் நடுப்பகுதி தாழ்த்தப்பட்டது; காவிரியின் தலைப்பிலும் தடுப்பு அமைக்கப்பட்டது. ஆற்றோடு பழகுபவன் தன் வேலையைத் திருத்திக்கொண்டே இருக்கவேண்டும் என்பதற்கு இது சான்று. மேலும், கம்பெனியாரின் நோக்கம் நிலவரி பெருகவேண்டும் என்பதே. கல்லும் மண்ணும் சுமந்த நம் ஏழைத் தொழிலாளரின் பெயர்கள் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. அவர்களையும் நாம் நன்றியோடு நினைக்கக் கடமைப்பட்டுள்ளோம்.

பின்னர் காட்டன், பஞ்சத்தால் நலிந்திருந்த கோதாவரிப் பகுதிக்குச் சென்றார். 1847 முதல் 1852 வரை தவளேஸ்வரத்தில் பேரணை கட்டினார். ஆந்திர மக்கள் இன்றும் அவருக்குச் சிலைகள் வைத்துப் போற்றுகின்றனர். 1860-இல் ஓய்வு பெற்ற அவருக்கு அடுத்த ஆண்டு 'சர்' பட்டம் கிடைத்தது.

1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவைத் தாது வருடப் பஞ்சம் சூறையாடியது. இந்தியாவில் 50 லட்சத்திற்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதே ஆண்டுகளில் சீனாவிலும் பிரேசிலிலும் மழை பொய்த்தது. பசிபிக் பெருங்கடலின் நீர் வழக்கத்திற்கு மீறிச் சூடேறியதே இதற்கு முக்கியக் காரணம் என்று இன்றைய அறிவியலார் கூறுகின்றனர். மழை பொய்த்தது இயற்கை. ஆனால் இத்தனை பேர் மாண்டது மனிதர் செய்த தவறுமாகும். வாய்க்கால் பாசனம் இருந்த தஞ்சையிலும் கோதாவரியிலும் பஞ்சத்தின் கொடுமை குறைவாக இருந்தது. இதனை எடுத்துக்காட்டி, இருப்புப்பாதைக்குச் செலவிடும் பணத்தைக் கால்வாய்களுக்கும் தாருங்கள் என்று முதிய வயதிலும் காட்டன் இங்கிலாந்தில் வாதாடினார். 1878-இல் நாடாளுமன்றக் குழுவின் முன்னும் தோன்றினார். ஆள்வோர் அவர் சொல்லுக்குச் செவிசாய்க்கவில்லை. ஆழ்ந்த இறைப்பற்றுடைய அவர் மனந்தளரவில்லை. 1899 ஜூலை 24-ஆம் நாள், 96-ஆம் வயதில் மறைந்தார்.

இன்று பஞ்சபூதங்களின் ஒழுங்கு மேலும் குலைந்து வருகிறது. நிலக்கரியும் எண்ணெயும் எரிப்பதால் எழும் கரியமில வாயு பூமியைச் சூடாக்குகிறது. கடல் சூடேற, மழை நாட்கள் சுருங்கி, பெய்தால் ஒரேயடியாய்ப் பெய்கிறது. 2016-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்து, நம் சம்பாப் பயிர் கருகியது. 2018 ஆகஸ்டில் பெருவெள்ளம் வந்தது. 22-ஆம் நாள் இரவு முக்கொம்பு மேலணையின் ஒன்பது மதகுகள் உடைந்தன. அதே நவம்பரில் கஜா புயல் தென்னைகளைச் சாய்த்தது. உடைந்த இடத்தில் இப்போது புதிய கதவணை நிற்கிறது. ஆனால் முன்னோர் கட்டியது எக்காலத்திற்கும் தானே நிற்கும் என்று நாம் உறங்கிவிடலாகாது என்பதை அவ்விரவு நமக்குக் கற்பித்தது.

2015-இல் உலக நாடுகள் பாரிசில் கூடி, பூமியின் வெப்பத்தைக் கட்டுப்படுத்த உடன்பட்டன. அவ்வாண்டே திருத்தந்தை பிரான்சிஸ், படைப்பு அனைத்தும் நம் பொதுவான இல்லம் என்று தம் சுற்றுமடலில் அறிவுறுத்தினார். தேங்கிய நீருள்ள நெல்வயல்களிலிருந்தும் மீத்தேன் வாயு எழுகிறதாம். காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டும் முறை அதனைக் குறைப்பதோடு, தண்ணீரையும் மிச்சப்படுத்தும்.

அன்புத் தோழியரே! நாம் அணை கட்ட இயலாது. ஆனால் ஆசிரியர் துணையோடு நம் தெரு வாய்க்காலில் குப்பை கொட்டாமல் தடுக்கலாம். குளத்தங்கரையில் மரம் நடலாம். குழாயில் வீணாகும் நீரை நிறுத்தலாம். முன்னோரிடம் கற்கும் பணிவும், பிழையைத் திருத்தும் நேர்மையும், பிறர் கேளாவிடினும் உண்மையைச் சொல்லும் உறுதியும் காட்டன் துரை நமக்கு விட்டுச்சென்ற செல்வங்கள். அவற்றைப் பெற்று, காவிரி அன்னையைக் கடைமடை வரை வாழவைப்போமாக!