உளவியல் அறிஞர் புளூமா ஸைகார்னிக் அம்மையார்

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் 'ஸைகார்னிக் விளைவு' என்னும் தொடரை மனப்பாடம் செய்த நாம், அப்பெயருக்குரியவர் ஒரு பெண்மணி என்பதை அன்று அறிந்தோமில்லை.

அன்றைய ருஷ்யப் பேரரசைச் சேர்ந்ததும் இன்று லிதுவேனியாவில் உள்ளதுமான பிரியெனாய் என்னும் ஊரில், 1900ஆம் ஆண்டில், யூதக் குடும்பமொன்றில் புளூமா பிறந்தார். 1922இல் பெர்லின் நகர் சென்று, பேராசிரியர் குர்ட் லெவினிடம் ஆய்வு மேற்கொண்டார். உணவு விடுதிப் பணியாளர், பணம் பெறும்வரை கணக்கை நினைவில் வைத்திருந்து, பெற்றவுடன் மறந்துவிடுவதைக் கண்டதே இவ்வாய்வுக்கு வித்து என்பர். களிமண் உருவம் செய்தல், கணக்கிடல் போன்ற எளிய வேலைகளைப் பலருக்கும் தந்து, அவற்றுள் பாதியை இடையிலே நிறுத்தச் செய்தார். முடித்தவற்றைக் காட்டிலும் நிறுத்தப்பட்டவையே ஏறத்தாழ இரு மடங்கு நினைவில் நின்றன. ஆய்வு 1927இல் வெளியாயிற்று. பின்வந்தோர் சோதனைகளில் இம்முடிவு எப்போதும் கிட்டவில்லை என்பதையும் நம் மாணவர் அறிதல் நன்று.

1931இல் மாஸ்கோவில் குடியேறினார். 1940இல் கணவர் ஆல்பர்ட் கைது செய்யப்பட்டார், அவர் மீளவேயில்லை. இரு மைந்தருடன் தனித்து நின்ற அம்மையார், போர்க்காலத்தில் யூரல் பகுதி மருத்துவமனையில், தலைக்காயமுற்ற வீரர்கள் இழந்த ஆற்றல்களை மீளப்பெறத் துணைபுரிந்தார். யூத எதிர்ப்பு ஓங்கிய ஸ்டாலின் ஆட்சியின் இறுதி ஆண்டுகளில் தம் ஆய்வகப் பொறுப்பையும் இழந்தார். எனினும், மனநோயாளரின் சிந்தனைச் சிதைவை ஆராயும் உளவியல் துறையை அந்நாட்டில் நிலைநாட்டியவர் அவரே. மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் அத்துறையின் தலைமை 1967இல்தான் அவரை வந்தடைந்தது. அம்மையார் 1988இல் மறைந்தார்.